8 மாதக் குழந்தையோடு ஜனவரியில் லண்டன்: மழைக்குளிருக்கு என்ன உடுத்துவது, எதில் தூக்கிப் போவது?

ஜாலான் ஈப்போ அம்மா:

வணக்கம். ஜனவரி முதல் வாரம் கோலாலம்பூரிலிருந்து லண்டனுக்கு நேர் விமானம் போட்டிருக்கோம், இரண்டு வாரப் பயணம். நாத்தனார் வீடு கிழக்கு லண்டன் இல்ஃபோர்டில். நடுவில் மூன்று ராத்திரி மான்செஸ்டர். மகனுக்கு அப்போ 8 மாசம் முடிஞ்சிருக்கும், எடை 8 கிலோ. தாய்ப்பாலும் குடிக்கிறான், பால்மாவும் குடிக்கிறான். காலையில் கேழ்வரகுக் கஞ்சி, மத்தியானம் நெத்திலிப் பொடி போட்ட சோற்றுக் கஞ்சி.

பனி விழும் ஊருக்குப் போறவங்க எழுதினது நிறைய இருக்கு. ஆனா லண்டனில் பனியைவிட மழைதான் என்கிறார் நாத்தனார். மாமியார் பஞ்சு வைத்த தடி ஜம்ப்சூட் ஒன்று வாங்கிட்டாங்க. அண்ணி வேற ஒரு பை நிறைய குளிர் உடுப்பு கொடுத்திருக்காங்க, அலமாரியில் பல வருஷம் கிடந்தது. இது இரண்டும் போதுமா? மழையில் ஸ்ட்ரோலர் நல்லதா, நெஞ்சில் கட்டிக்கிற கேரியர் நல்லதா? வெளியில் பால் கலக்குறது எப்படி? என்ன மருந்து எடுத்துப் போகணும்? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

மழைக்கோட்டு:

சகோதரி, முதலில் ஊரின் குளிரைப் புரிஞ்சுக்கணும். ஜனவரி லண்டனில் பகலில் 8 டிகிரி, ராத்திரி 2, 3 டிகிரி. பார்க்க அப்படி ஒன்றும் பயங்கரம் இல்லை. ஆனா தூறலும் காற்றும் சேர்ந்த 5 டிகிரி, வெயில் அடிக்கிற 0 டிகிரியைவிட மோசம். தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமா வெப்பத்தைக் கடத்தும். உடுப்பு நனைஞ்சா எவ்வளவு தடிப்பா இருந்தாலும் பிரயோஜனமில்லை. பஞ்சு ஜம்ப்சூட்டின் பிரச்சினையே அதுதான். உள்ளே இருக்கிற பஞ்சு தண்ணியைக் குடிச்சு அமுங்கிடும், காயவே காயாது. இன்னொரு பக்கம், கடைக்குள்ளேயும் ரயிலுக்குள்ளேயும் ஹீட்டர் 20 டிகிரிக்கு மேல ஓடும். ஒரே தடி உடுப்பு போட்டிருந்தா பாதி மட்டும் கழற்ற முடியாது, பையன் உள்ளே வேர்த்து நனைவான். அந்த ஈரத்தோட வெளியில் வந்தா மழையில் நனைஞ்ச மாதிரிதான்.

அதனால அடுக்கு. உடம்போட ஒட்டி முழுக்கை பாடிசூட். மெரினோ கம்பளி கிடைச்சா நல்லது, ஈரமானாலும் சூடு தாங்கும். பருத்தி வீட்டுக்குள்ளே சரி, வெளியில் நாள் முழுக்க இருக்கப் போறீங்கன்னா வேண்டாம். அதுக்கு மேல ஃபிலீஸ் (மெத்துன்னு இருக்கிற செயற்கைக் கம்பளித் துணி) மேலாடையும் கால்சட்டையும். எல்லாத்துக்கும் மேல நீர்புகாத ஒற்றை உடுப்பு, தலைமூடியோடு. பெரியவங்க எத்தனை அடுக்கு போட்டிருக்காங்களோ, கைக்குழந்தைக்கு அதுக்கு மேல ஒன்று. அதுதான் கணக்கு. ஸ்ட்ரோலரில் கால் உறை மாட்டினா அதுவே ஒரு அடுக்கு.

வாங்கும்போது வெளி உடுப்பை உள்பக்கம் திருப்பிப் பாருங்க. தையல் மேல பிளாஸ்டிக் நாடா ஒட்டியிருந்தாத்தான் அது மழைக்கு. நாடா இல்லைன்னா துணி எவ்வளவு வழவழப்பா இருந்தாலும் தையல் ஓட்டை வழியா தண்ணி இறங்கும். ‘தூறல் தாங்கும்’னு எழுதியிருக்கிறது கால் மணி நேரத்துக்குத்தான். ஜிப் இரண்டு, கழுத்திலிருந்து இரண்டு கணுக்கால் வரைக்கும் இறங்கணும். ஒற்றை ஜிப் உடுப்பில் பேம்பர்ஸ் மாற்றணும்னா கையைக் காலை எல்லாம் உருவணும், குளிர் பொதுக் கழிவறையில் அது பெரிய தொல்லை.

அளவு: அங்கே உயரத்தை வைத்து 68, 74, 80 சென்டிமீட்டர்னு வரும். உள்ளே போடுறது பையனுக்குச் சரியா, வெளியே போடுறது ஒரு அளவு பெரிசு. பாதம் மூடிய உடுப்பு இறுக்கமா இருந்தா விரல் அமுங்கி, இரத்த ஓட்டம் குறைஞ்சு, கால் சில்லிட்டுப் போகும். சாக்ஸ் மேல சாக்ஸ் திணிக்கிறதும் அதே கதைதான்.

கையுறை மூன்று ஜோடி எடுங்க. வாயில் வைத்து ஊற வைப்பான், ஒன்று தொலையும். போடுறதுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும் உள்ளே திருப்பி, தொங்குற நூலை வெட்டிடுங்க. சின்ன விரலில் நூல் சுற்றிக்கிட்டா வெளியே தெரியாது, விரல் வீங்கின பிறகுதான் தெரியும். மஃப்ளர், தாடையில் கட்டுற கயிறு வைத்த தொப்பி இரண்டும் வேண்டாம், கழுத்தை இறுக்கும்.

இங்கேயே டெகாத்லோன் கடையில் ஃபிலீஸும் மழை உடுப்பும் கிடைக்கும். யுனிவர்சல் டிராவலரில் குளிர்கால உடுப்பு ஆண்டு முழுக்க இருக்கும். பண்டல் கடையில், அதாவது பழைய உடுப்பு விற்கிற கடையில், ஜப்பானிலிருந்து வர்ற குழந்தை உடுப்பு நல்ல தரத்தில் பாதி விலைக்கும் கீழே அகப்படும். ஆனா அங்கே தையல் நாடா உரிஞ்சிருக்கான்னு அவசியம் பாருங்க. பழைய மழை உடுப்பில் முதலில் போறது அதுதான்.

பாயான் லெப்பாஸ் பார்மசி:

உடுப்பு பற்றி மழைக்கோட்டு சொல்லிவிட்டார். அண்ணி கொடுத்த அந்தப் பையைப் பற்றி நான் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே அதுதான் உண்மையான ஆபத்து.

அலமாரியில் பல வருடம் கிடந்த குளிர் உடுப்பு என்றால் உள்ளே பூச்சி உருண்டை போட்டிருக்க வாய்ப்பு அதிகம். அதில் பல நாஃப்தலீனால் ஆனவை. ஜி6பிடி குறைபாடு (சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி பிறவியிலேயே குறைவாக இருப்பது) உள்ள குழந்தைக்கு நாஃப்தலீன் ஆவி பட்டாலே சிவப்பணுக்கள் உடைந்து, மஞ்சள் காமாலையும் இரத்தச்சோகையும் வரலாம். மலேசியாவில் பிறக்கும் குழந்தைகளுக்குத் தொப்புள்கொடி இரத்தத்தில் இந்தச் சோதனை செய்வது வழக்கம். முடிவு கிளினிக் புத்தகத்தில் பதிவாகியிருக்கும். இன்றே எடுத்துப் பாருங்கள். குறைபாடு என்று எழுதியிருந்தால் அந்தப் பையை வீட்டுக்குள்ளேயே வைக்க வேண்டாம், அண்ணியிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். துவைத்தாலும் கம்பளியிலும் பஞ்சிலும் வாடை நிற்கும், வெயிலில் உலர்த்தி வாடை போனதாகத் தோன்றுவதை நம்பி இந்தக் குழந்தைக்குப் போடக் கூடாது. குறைபாடு இல்லாத குழந்தைக்கும் உருண்டை வாடை அடிக்கும் உடுப்பை அப்படியே மாட்டாதீர்கள். பல நாள் காற்றாட விட்டு, துவைத்து, வாடை முற்றிலும் போன பிறகுதான். போகவில்லையா, விட்டுவிடுங்கள்.

எண்ணெய்களும் அப்படித்தான். குளிர் ஊர் என்றவுடன் யூ யீ எண்ணெய் என்ற மருந்துத் தைலத்தை வயிற்றிலும் பாதத்திலும் தேய்க்க யாராவது சொல்வார்கள். ஜி6பிடி குறைபாடு இருந்தால் தொடவே கூடாது. மற்றக் கைக்குழந்தைகளுக்கும் மென்தால், கற்பூரம் கலந்த தைலத்தை மூக்கருகிலும் நெஞ்சிலும் பூச வேண்டாம். மென்தால் வாடை சிறு குழந்தையின் மூச்சையே சற்று நிறுத்தக்கூடும், கற்பூரம் தோல் வழியாக இறங்கினால் வலிப்பு வரலாம். இரண்டு வயது வரை இந்த வகை எதுவும் வேண்டாம். மூக்கடைப்புக்கு உப்புநீர்ச் சொட்டு மருந்து போதும்: பால் கொடுப்பதற்கு 10, 15 நிமிடம் முன்பாக ஒவ்வொரு துளையிலும் ஓரிரு சொட்டு.

தோல்: ஹீட்டர் காற்று வறண்டது. தினமும் குளிப்பாட்டும் நம் பழக்கத்தை அங்கே இரண்டு, மூன்று நாளைக்கு ஒரு முறை ஆக்குங்கள். வெதுவெதுப்பான நீர், 10 நிமிடத்துக்கு மேல் வேண்டாம், துடைத்த கையோடு ஈரப்பசை இருக்கும்போதே கிரீம். வெளியே கிளம்பும் முன் கன்னத்திலும், எச்சில் வடியும் தாடையிலும் பெட்ரோலியம் ஜெல்லி மெல்லிசாக. ஆலிவ் எண்ணெய் வேண்டாம், தோலின் மேல்தடுப்பைக் கெடுக்கும்.

காய்ச்சல் மருந்து: இங்கிருந்து எடுத்துப் போகும் பாராசிட்டமால் சிரப்பின் வீரியத்தைப் பாருங்கள். மலேசியாவில் 5 மில்லியில் 120 மில்லிகிராம் உள்ளதும் கிடைக்கும், 250 உள்ளதும் கிடைக்கும். பிரிட்டனில் கைக்குழந்தைகளுக்கு விற்கும் கால்போல் என்ற பாராசிட்டமால் சிரப் 120. நாத்தனார் வீட்டில் ஒரு பாட்டில், உங்கள் பையில் ஒரு பாட்டில் என்று இரண்டு வீரியம் ஒரே வீட்டில் இருந்தால் நடுராத்திரியில் இரட்டை அளவு கொடுத்துவிடுவது சுலபம். ஒரே வீரியம் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்றால் 8 கிலோவுக்கு 120 மில்லிகிராம், அதாவது 120 சிரப்பில் 5 மில்லி. 24 மணி நேரத்தில் அதிகபட்சம் நான்கு முறை, இடையில் குறைந்தது 4 மணி நேரம். சிரிஞ்சு மருந்தோடு வருவதையே பயன்படுத்துங்கள், சமையலறைக் கரண்டி வேண்டாம்.

ஃப்ளூ ஊசி 6 மாதத்திலிருந்து போடலாம். முதல் முறை போடும் குழந்தைக்கு 4 வார இடைவெளியில் இரண்டு ஊசி, அதன் பிறகு முழுப் பலன் வர ஏறத்தாழ இரண்டு வாரம். ஜனவரி முதல் வாரம் பயணம் என்றால் நவம்பர் நடுவிலாவது முதல் ஊசி போட்டாக வேண்டும். நீங்களும் கணவரும் போட்டுக்கொள்ளுங்கள், குழந்தைக்குக் கொண்டுவந்து கொடுப்பது பெரும்பாலும் நாம்தான்.

செந்தூல்காரன்:

தங்கச்சி, போக்குவரத்து மட்டும் நான் சொல்றேன்.

ஸ்ட்ரோலரா கேரியரான்னு கேட்டீங்க. இரண்டும் வேணும். சின்னதா மடியுற ஸ்ட்ரோலரும், இடுப்பில் பட்டை போட்டுத் தாங்குற கேரியரும். விமானத்தை விட்டு இறங்கும்போது ஸ்ட்ரோலர் வாசலுக்கு வருமா, பெட்டியோட பெல்ட்டுக்கு வருமான்னு செக்-இன்லேயே கேட்டுக்கோங்க. பெல்ட்டுக்குன்னா குடிநுழைவு வரிசை முழுக்கக் கேரியர்தான் கை கொடுக்கும்.

கேரியரில் வைக்கும்போது தடி உடுப்பு போடாதீங்க. உங்க உடம்புச் சூடு அவனுக்கு ஓர் அடுக்கு. சாதாரண உடுப்பில் வைத்து, உங்க பெரிய மழைக்கோட்டை இரண்டு பேருக்கும் சேர்த்துப் போடுங்க. முகம் வெளியே தெரியணும், தாடைக்கும் நெஞ்சுக்கும் நடுவில் ஒரு விரல் போகணும், நீங்க குனிஞ்சா உச்சியில் முத்தம் கொடுக்கிற உயரத்தில் இருக்கணும். தொங்குற கால்தான் நனையும், அதுக்கு முழங்கால் வரைக்கும் கம்பளி உறை. கேரியரில் கால்சட்டை மேல ஏறி கணுக்கால் திறந்து கிடக்கும், பல பேர் கவனிக்கிறதில்லை.

ஸ்ட்ரோலருக்கு மழை உறை அந்த மாடலுக்குன்னே வர்றதை வாங்குங்க. எல்லாத்துக்கும் பொருந்தும்னு விற்கிறது காற்றடிச்சா தூக்கிக்கும். பக்கத்தில் காற்றுத் துளை இருக்கணும். புதுசுன்னா பிளாஸ்டிக் வாடை போக வீட்டில் சில நாள் விரிச்சுப் போடுங்க. உள்ளே நீராவி படிஞ்சா முன்மடிப்பை இரண்டு விரல் திறந்து விடுங்க. கடைக்குள்ளேயோ பஸ்ஸிலேயோ ஏறினதும் உறையை முழுக்கக் கழற்றணும், இதில் சோம்பல் கூடாது. உறை மூடின ஸ்ட்ரோலர் ஹீட்டர் ஓடுற பஸ்ஸில் சில நிமிஷத்திலேயே கொதிக்கும், தூங்குற குழந்தை அழக்கூட அழாது. உறைக்குப் பதிலாப் போர்வையை ஸ்ட்ரோலர் கூரைமேல போட்டு மூடுறதும் அதே ஆபத்து.

ஹீத்ரோவிலிருந்து எலிசபெத் லைன் எடுங்க. 2022ல் திறந்தது, எல்லா நிலையத்திலும் தெருவிலிருந்து பிளாட்பாரம் வரைக்கும் படி ஏறாமல் போகலாம். நடு லண்டனிலும் ஹீத்ரோவிலும் பிளாட்பாரமும் ரயிலும் ஒரே மட்டம், மற்ற இடத்தில் சின்னப் படி இருக்கும். இல்ஃபோர்ட் அதே லைன்தான். நீங்க ஏறுற ரயில் அபி உட் பக்கம் போகுதுன்னா ஒயிட்சேப்பலில் இறங்கி மாறிக்கோங்க. பழைய அண்டர்கிரவுண்ட் நிலையங்கள் நிறைய படிதான். வரைபடத்தில் சக்கர நாற்காலிக் குறி போட்ட நிலையமாப் பார்த்து இறங்கினா மழையில் ஸ்ட்ரோலரைத் தூக்கிப் படி ஏற வேண்டியிருக்காது. பஸ்ஸில் நடுவில் ஸ்ட்ரோலருக்கு இடம் உண்டு, சக்கர நாற்காலிக்காரர் வந்தா இடம் விட்டு மடிச்சுத்தான் ஆகணும். மான்செஸ்டரில் டிராம் நிறுத்தம் எல்லாமே படியில்லாதது. குழந்தைக்கு டிக்கெட் வேண்டாம்.

கறுப்பு டாக்சியில் ஸ்ட்ரோலரை மடிக்காமலே ஏற்றலாம், ஆனா வண்டி ஓடும்போது பையன் ஸ்ட்ரோலரில் இருக்கக் கூடாது. டாக்சியில் கார் சீட் இல்லைன்னா குழந்தையைச் சீட் இல்லாமப் பின்னால வைத்துப் போகச் சட்டம் விடுது. சட்டம் விடுதுங்கிறது பத்திரம்ங்கிறது ஆகாது. நாத்தனார் காரில் போறதா இருந்தா உங்க சீட்டையே கொண்டு போங்க. இங்கே 2020 ஜனவரியிலிருந்து கார் சீட் கட்டாயம், நம்ம சட்டமும் ஆர்44, ஆர்129 என்கிற பாதுகாப்புத் தர முத்திரையைத்தான் கேட்குது, அவங்களும் அதையேதான் கேட்கிறாங்க. ஆரஞ்சு லேபிள் கிழியாம இருக்கணும். ஆர்129 சீட்டில் 15 மாசம் வரைக்கும் பின்பக்கம் பார்த்துத்தான் உட்காரணும்.

இப்போ முக்கியமானது. கார் சீட்டில் அந்தப் பஞ்சு ஜம்ப்சூட் கூடவே கூடாது. மோதும்போது பஞ்சு அமுங்கி, பெல்ட்டுக்கும் உடம்புக்கும் நடுவில் இடைவெளி விழும், குழந்தை நழுவும். வீட்டிலேயே சோதிக்கலாம்: ஜம்ப்சூட்டோட உட்கார வைத்து பெல்ட்டை இறுக்குங்க. நீளத்தை மாற்றாம கழற்றி, ஜம்ப்சூட்டை உருவி, திரும்ப மாட்டுங்க. தோள்பட்டையில் பெல்ட்டை இரண்டு விரலால் கிள்ளிப் பிடிக்க முடிஞ்சா அவ்வளவு இடைவெளி இருந்திருக்குன்னு அர்த்தம். மெல்லிய ஃபிலீஸில் உட்கார வைத்து, பெல்ட் போட்ட பிறகு மேல போர்வை. கார் சூடானதும் போர்வையை எடுத்துடணும்.

ஜாலான் ஈப்போ அம்மா:

அண்ணே, கார் சீட் சோதனை செய்து பார்த்தோம். பெல்ட் நல்லாவே கிள்ளிப் பிடிக்க முடியுது. மாமியாரே பார்த்துட்டு ஒன்றும் சொல்லலை. புத்தகத்தில் ஜி6பிடி சாதாரணம்னுதான் இருக்கு, ஆனா அண்ணி பையில் வெள்ளை உருண்டை நாலு கிடந்தது, பார்மசி சொன்ன பிறகுதான் பார்த்தோம். பையைத் திருப்பிக் கொடுக்கப் போறோம்.

ராத்திரி தூங்குறதுக்கு எவ்வளவு போர்த்தணும்? நேர வித்தியாசம் எப்படிச் சமாளிக்கிறது? பால், கஞ்சி மாவு எல்லாம் கொண்டு போக விடுவாங்களா?

கிள்ளான் பாட்டி:

கண்ணு, ராத்திரி போர்த்தவே வேண்டாம். அதான் பதில். கை இரண்டும் வெளியே இருக்கிற தூங்கும் பை போடு. அதில் ‘டாக்’னு ஓர் எண் இருக்கும், அது தடிப்புக் கணக்கு. அறை 16இலிருந்து 20 டிகிரின்னா 2.5 டாக், 21இலிருந்து 24ன்னா 1 டாக். சின்ன அறை வெப்பமானி ஒன்று வாங்கிக் கட்டில் பக்கத்தில் வை. நமக்கு ஏர்கானை 24இல் போட்டே பழக்கம், 18 டிகிரி அறைக்குள்ளே போனா பிள்ளைக்குக் குளிருமேன்னு பதறி ஹீட்டரைக் கூட்டுவோம். கைக்குழந்தை தூங்க 16 முதல் 20தான் நல்லது. தலையில் தொப்பி வைத்துத் தூங்க வைக்காதே. குழந்தை அதிகச் சூட்டைத் தலை வழியாத்தான் விடும், தொப்பி அதை அடைச்சுடும். கை கால் சில்லுன்னு இருந்தா குளிருதுன்னு நினைக்காதே, குழந்தைக்கு அப்படித்தான் இருக்கும். பிடரியிலோ நெஞ்சிலோ கை வைத்துப் பார். வெதுவெதுன்னு இருந்தா சரி, பிசுபிசுன்னா ஓர் அடுக்கு கழற்று.

பையின் கழுத்து ஓட்டையில் தலை உள்ளே போகாத அளவு பாரு. கட்டிலை ரேடியேட்டரிலிருந்தும் ஜன்னல் திரைக் கயிற்றிலிருந்தும் தள்ளிப் போடு. நாத்தனார் வீட்டில் ஹீட்டர் ராத்திரி தானா அணையுற மாதிரி நேரம் வைத்திருப்பாங்க, விடியலில் அறை 15க்குக் கீழே இறங்கினா உள்ளே ஒரு முழுக்கை உடுப்பு கூட்டு. உருட்டிப் போட்ட போர்வையும் தலையணையும் மட்டும் கட்டிலில் வேண்டாம்.

நேரம்: குளிர்காலத்தில் லண்டன் நமக்கு 8 மணி நேரம் பின்னால. இங்கே ராத்திரி 9 மணிக்குத் தூங்குற பிள்ளைக்கு அங்கே மத்தியானம் 1 மணிக்கே தூக்கம் சொக்கும், ராத்திரி 11க்கு முழிச்சு உட்காரும். மத்தியானத் தூக்கத்தை ஒன்றரை மணி நேரத்தில் எழுப்பிடு. எழுப்பினதும் வெளியே தூக்கிட்டுப் போ, மழையானாலும் சரி. ஜனவரி தொடக்கத்தில் 4 மணிக்கெல்லாம் இருட்டிடும், வெளிச்சம் கிடைக்கிற நேரமே அவ்வளவுதான். சாயங்காலம் 6, 6.30க்குக் கிடத்திடு. நடுராத்திரி முழிச்சா பால் கொடு, விளக்குப் போடாதே, பேச்சுக் கொடுக்காதே, போனைக் காட்டாதே.

சாப்பாடு: பால் பொருளும் இறைச்சியும் பிரிட்டனுக்குள்ளே கொண்டு போக விடமாட்டாங்க. நெய் பால் பொருள், டப்பாவை வீட்டிலேயே வை. கோழித்தூள் போட்ட பொடியும் வேண்டாம். குழந்தைப் பால்மாவுக்கு விலக்கு உண்டு: ஆளுக்கு 2 கிலோ வரைக்கும், கடை டப்பாவில், சீல் உடைக்காம, குளிர்பெட்டி தேவைப்படாததா இருக்கணும். நெத்திலி மீன் கணக்கில் வரும், தடையில்லை. கேழ்வரகு மாவும் கொண்டு போகலாம், ஆனா பால்பவுடர் கலந்த சத்துமாவை வீட்டில் பொட்டலம் கட்டி எடுத்துப் போகாதே. நெய்க்குப் பதில் அங்கே உப்பில்லாத வெண்ணெய் எந்தக் கடையிலும் கிடைக்கும்.

பாலுக்குக் கொதிக்க வைத்த தண்ணி 70 டிகிரிக்குக் குறையக் கூடாது, பால்மாவுக்குள்ளே கிருமி இருந்தா அந்தச் சூடுதான் கொல்லும். சுடுதண்ணியும் ஆறின தண்ணியும் பாதிப்பாதி கலந்து, அதில் மாவைப் போடுறது நம்ம வழக்கம். அதை விட்டுடு. வெளியே கிளம்பும்போது அரை லிட்டர் தெர்மோஸைச் சுடுதண்ணி ஊற்றிச் சூடாக்கி, கொட்டிட்டு, அப்போதான் கொதிச்ச தண்ணியை நிரப்பு. மாவைத் தனித்தனியா அளந்து சின்ன டப்பாவில் எடு. அங்கே வேற பிராண்ட் வாங்கினா அந்தக் கரண்டியால்தான் அளக்கணும், ஒவ்வொரு கம்பெனிக் கரண்டியும் வேற அளவு. கலந்த பாட்டிலைப் பச்சைத்தண்ணி உள்ள கோப்பையில் வைத்துச் சுற்றினா ஆறிடும். மணிக்கட்டில் சொட்டு விட்டுப் பார்க்க மறக்காதே. கலந்தது இரண்டு மணி நேரத்துக்குள்ளே முடியணும், பிள்ளை குடிச்சு மிச்சம் வைத்ததை அப்போதே கொட்டிடு.

லண்டன் தண்ணி கடினநீர். கெட்டிலில் வெள்ளைத் துகள் மிதக்கும், பயப்படாதே, அது சுண்ணாம்புதான். இன்னொன்று, அங்கே பிளக் நம்ம வீட்டு மூன்று முனைதான், மின்சாரமும் ஒத்துப் போகும். உன் ஸ்டெரிலைசரையும் குட்டி ரைஸ் குக்கரையும் அடாப்டர் இல்லாமலே செருகலாம்.

மழைக்கோட்டு:

பாட்டி சொன்னதில் ஒரு இடத்தில் மட்டும் மாற்றுக் கருத்து. மழையானாலும் வெளியே தூக்கிட்டுப் போ என்பது தூறலுக்குச் சரி. காற்றோடு அடிச்சுப் பெய்யுற மழையில் 8 மாசக் குழந்தையை ஒரு மணி நேரம் சுற்ற வேண்டாம். வெளிச்சம் வேணும்னா கண்ணாடிக் கூரை போட்ட கடைத்தெரு, பெரிய ஜன்னல் உள்ள அருங்காட்சியகக் கூடம் போதும். வெளி உடுப்பு நனைஞ்சதும் மாற்றிடணும், ‘இன்னும் பத்து நிமிஷத்தில் வீடு’ன்னு இழுக்காதீங்க.

காய வைக்கிறது அங்கே பெரிய வேலை. பருத்தியை ரேடியேட்டர் மேல போடலாம், மழை உடுப்பைப் போடக் கூடாது, நாடா உரியும். காய்ந்த துண்டில் வைத்து உருட்டி, மேல ஏறி மிதிச்சுப் பிழிங்க, அப்புறம் குளியல்தொட்டி மேல தொங்க விடுங்க. அதனால மழை உடுப்பு இரண்டு வேணும், ஃபிலீஸ் இரண்டு செட், பாடிசூட் ஐந்து, தொப்பி இரண்டு. மற்றது அங்கே பிரைமார்க்கிலேயே வாங்கலாம்.

விமானத்தில் மழை உடுப்பைக் கைப்பையில் வையுங்க, செக்-இன் பெட்டியில் போடாதீங்க. ஏறும்போது மெல்லிய இரண்டு அடுக்கு போதும். இறங்கினதும் வருகைக் கூடத்தில் மாற்றுங்க, விமானத்துக்குள்ளே மாட்டினா குடிநுழைவு வரிசையில் வேர்த்துடுவான். ஏறும்போதும் இறங்கும்போதும் காது அடைக்காம இருக்கப் பால் கொடுங்க. இறங்குறதுக்கு அரை மணி நேரம் முன்னாலேயே காது அடைக்கத் தொடங்கும், தூங்கினா எழுப்பிக் கொடுக்கணும். தொட்டில் வேணும்னா இருக்கை போடும்போதே விமானக் கம்பெனியிடம் கேட்டு எடை வரம்பைத் தெரிஞ்சுக்கோங்க.

எல்லாத்தையும் ஒரு வார இறுதி கேமரன் மலையில் போட்டுப் பாருங்க. ராத்திரி 16 டிகிரிக்கு இறங்கும், மழையும் இருக்கும். 5 டிகிரிக்குச் சமம் இல்லைதான், ஆனா எந்த ஜிப் மாட்டிக்குது, உறை எங்கே ஒழுகுது, தொப்பியைப் பிடுங்கி எறியுறானான்னு தெரிஞ்சுடும்.

பாயான் லெப்பாஸ் பார்மசி:

உருண்டை கிடந்த பையைக் காரில் வைத்து எடுத்துப் போகும்போது குழந்தையைக் கூட ஏற்ற வேண்டாம்.

இன்னும் இரண்டு. ஒன்று, 2025 ஜனவரி 8 முதல் மலேசியப் பாஸ்போர்ட்டுக்கு இடிஏ என்ற இணைய அனுமதி வேண்டும், கைக்குழந்தைக்கும் தனியாக. அவன் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்துவிட்டு, அது கையில் வந்தவுடன் இதைப் போட்டுவிடுங்கள்.

இரண்டு, ஜனவரி அங்கே மூச்சு நுண்குழல் அழற்சி (பிராங்கியோலைடிஸ்) பரவும் காலம். சாதாரணச் சளியாகத் தொடங்கும். வழக்கமான பாலில் பாதிக்கும் குறைவாகக் குடிப்பது, 12 மணி நேரம் பேம்பர்ஸ் நனையாதது, மூச்சு வேகமாகப் போவது இவற்றில் எது வந்தாலும் 111 என்ற மருத்துவ ஆலோசனை எண்ணை அழையுங்கள், அவர்கள் வழி சொல்வார்கள். மூச்சு விடும்போது விலா எலும்புக்குக் கீழே தசை உள்ளே இழுப்பது, முனகல் ஒலி, உதடு நீலமாவது, மூச்சு நின்று நின்று வருவது என்றால் ஆம்புலன்ஸுக்கு 999. அவசரப் பிரிவில் பார்ப்பதற்கு வெளிநாட்டவருக்கும் கட்டணமில்லை, படுக்கையில் சேர்த்தால் கட்டணம் உண்டு, அது பெரிய தொகை. பயணக் காப்புறுதியில் குழந்தையின் பெயர் தனியாக இருக்கிறதா, மருத்துவமனைச் சேர்க்கை வருகிறதா என்று பத்திரத்தை வாசித்துப் பாருங்கள். கிளினிக் புத்தகத்தின் தடுப்பூசிப் பக்கத்தையும் ஜி6பிடி பக்கத்தையும் படம் எடுத்து இரண்டு பேர் போனிலும் வைத்துக்கொள்ளுங்கள்.